ஃபாரம் படிக்காத நாய்

ஏங்கண்ணு, 'உள்ளே இருக்கும் பொருள்'னு ஒரு கட்டம் போட்டிருக்கானே, அதுல என்ன எழுதின? துணிமணி, புத்தகம், தின்பண்டம். சரிதான். எழுத்து முத்து முத்தா இருக்குது. ஆனா உங்கம்மா அந்தக் காட்டன் பொடவைக்கு நடுவுல நியூஸ் பேப்பர்ல சுருட்டி, மேல ஒரு பாலித்தீன் கவரைப் போட்டு, அதுக்கும் மேல துண்டைச் சுத்தி வெச்சாளே ஒரு கறிவேப்பிலைக் கொத்து, அது துணியில சேத்தியா, புத்தகத்துல சேத்தியா?

கோவிச்சுக்காத. நான் ஆத்தூர்க்காரன், குச்சிக்கிழங்கு நட்டுப் பொழச்சவன். பெள்ளந்தூர்ல ஒம்போதாவது மாடியில உக்காந்து மக போடற காப்பியக் குடிச்சிக்கிட்டு வேடிக்கை பாக்கற கெழவன். உங்க கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் எனக்கு எட்டாது. பொட்டிக்குள்ள எதையாச்சும் ஒளிச்சு அனுப்பற விசயத்துல மட்டும் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அப்புச்சி சொல்றதைக் கேட்டுக்கோ, உங்கக்காளுக்குப் பார்சல் பத்தரமாப் போய்ச் சேரணுமில்ல.

மொதல்ல, கொத்தைத் துண்டுக்குள்ள வெச்சது பத்தாது. காப்பித்தூள் டப்பாவுக்குள்ள வெய்யி. கும்பகோணம் டிகிரி காப்பி வாசனையில கறிவேப்பிலை அமுங்கிப் போயிருமில்ல? நம்ம மூக்குக்கு அமுங்கிரும். நம்ம மூக்கு சாம்பாரை மோந்தா சாம்பாருங்கும், அவ்வளவுதான். நாய் மூக்கு அப்படியில்ல. பருப்பு தனி, புளி தனி, பெருங்காயம் தனி, அடியில கெடக்கற ஒரே ஒரு வெந்தயம் தனின்னு பிரிச்சுக் கணக்கு வெச்சுக்கும். நீ காப்பித்தூள்ல வெச்சா, "ஓகோ, காப்பியும் கறிவேப்பிலையும் அனுப்பிருக்காங்க"ன்னு தெரிஞ்சுக்கும். ஊறுகாய் பாட்டில் பக்கத்துல வெச்சாலும், அந்துருண்டை போட்டாலும், செண்டைத் தெளிச்சாலும் இதே கதைதான்.

எனக்கெப்படித் தெரியுமா? 2017-ல நானும் உங்க அம்மாயியும் அமெரிக்காவுக்குப் போனோமே, உங்கக்கா முழுகாம இருந்தப்ப. அவளுக்கு வாயில எதுவும் தங்கலை, ரசம் வெச்சா ரெண்டு வாய் எறங்குது, அதுக்கு இந்த ஊர்ல நல்ல கறிவேப்பிலை இல்லைன்னு போன்ல அழுதா. அம்மாயி ஒண்ணும் பேசலை. கெளம்பற அன்னிக்கு விடியக்காலம் கொல்லையில போயி ஒரு கை நெறைய ஒடிச்சா. ஈரத்துணியில சுத்தினா. என் வேட்டிக்குள்ள வெச்சா. என் வேட்டியில, அவ பொடவையில இல்ல. விவரமான பொம்பளை.

ஏரோப்ளேன்ல ஒரு நீலக் காயிதம் குடுத்தாங்க. பக்கத்து சீட்டுப் பையன் எனக்காக எழுதித் தந்தான். "தாத்தா, பழம், காய், செடி, விதை, பூச்சி ஏதாச்சும் கொண்டு வர்றீங்களா?"ன்னு கேட்டான். நெசமாவே அதுல பூச்சின்னு போட்டிருக்குது. "பூச்சியா? யாராவது பூச்சியப் பொட்டியில கட்டிக்கிட்டு வருவாங்களா தம்பி, இல்லைன்னு போடு"ன்னேன். போட்டான். கையெழுத்து நான் வெச்சேன்.

எறங்கிப் பொட்டிக்காகக் காத்துக்கிட்டு நின்னோம். ஒரு சின்ன நாய் வந்துது. முழங்காலுக்குக்கூட வராது. காது ரெண்டும் வெத்தலை மாதிரி தொங்குது, முதுகுல ஒரு சின்ன சட்டை. கூட ஒரு அம்மா கயித்தைப் புடிச்சுக்கிட்டு. குலைக்கலை, பல்லக் காட்டலை, கல்யாண வீட்ல பந்தி விசாரிக்கற பெரிய மனுசன் மாதிரி ஒவ்வொரு பொட்டிகிட்டயும் போயி மூக்கை வெச்சு எடுத்துக்கிட்டே வந்துது. எங்க பொட்டிகிட்ட வந்துது. ஒரு தடவை மோந்துது. ரெண்டு அடி தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்துது. அப்புறம் அப்படியே பக்கத்துல உக்காந்துக்கிச்சு.

அம்மாயி, "பாவம், நடந்து நடந்து கால் வலிக்குது போல"ன்னா. நான் குனிஞ்சு தடவிக் குடுக்கப் போனேன். அந்தம்மா நாய்க்கு ஒரு பிஸ்கோத்துத் துண்டைக் குடுத்துட்டு, எங்களப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே பொட்டியத் தொறக்கச் சொல்லிச்சு. என் வேட்டி ஊர் பாக்க விரிஞ்சுது.

அபராதம் போடலை. வயசானவங்கன்னு எச்சரிச்சு விட்டுட்டாங்க. கறிவேப்பிலையக் கையுறை போட்ட கையால எடுத்து ஒரு பையில போட்டு மூடி ஒட்டினாங்க. அம்மாயிக்கு அன்னிக்கெல்லாம் ஆறலை. "ஒரு ரசத்துக்கு இத்தனை பெரிய தேசம் பயப்படுதே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்கோ, வேட்டிய நெனச்சாத்தான் வெக்கமா இருந்துது.

அந்த நாய் இனத்துக்குப் பீகிள்னு பேரு. அமெரிக்காவுல 1984-ல லாஸ் ஏஞ்சலஸ் ஏர்போர்ட்ல ஆரம்பிச்ச ஏற்பாடு. ஆஸ்திரேலியாக்காரன் 1992-ல எறக்கினான். ஏன் பீகிள்னு கேளு. சாப்பாட்டு மேல அதுக்கு அப்படி ஒரு ஆசை, ஒரு துண்டு பிஸ்கோத்துக்கு நாள்பூரா ஒழைக்கும். அதோட ஆளைப் பாத்தா யாரும் பயப்பட மாட்டாங்க. ஜார்ஜியா மாநிலத்துல நியூனன்னு ஒரு ஊர்ல பள்ளிக்கூடம் வெச்சுப் பழக்கறாங்க. அரிச்சுவடி அஞ்சு வாசனை: ஆப்பிள், ஆரஞ்சு, மாம்பழம், பன்னிக்கறி, மாட்டுக்கறி. மாம்பழம் இருக்குது பாத்தியா? நம்ம சனத்தை நெனச்சுத்தான் பாடத்துல சேத்தான்னு நான் சொல்லலை, நீயே யோசிச்சுக்கோ. அஞ்சும் படிஞ்சப்புறம் ஒவ்வொண்ணா மத்த வாசனையும் ஏறும். பழ வாசனை சோப்பு, ஷாம்பு இதையெல்லாம் நடுவுல வெச்சு ஏமாத்தியும் பாப்பாங்க. ஏமாந்தா பிஸ்கோத்து கெடையாது. சரக்கு கெடைச்சா சில நாய் உக்காரும், சில நாய் பொட்டிய முன்னங்காலால பிறாண்டும். நீ ஆபீசுல காலையில உக்காந்தா ராத்திரி வரைக்கும் உக்காந்திருக்க. அது ஏதாச்சும் கண்டுபுடிச்சாத்தான் உக்காருது. சம்பளம்னு பாத்தா ரெண்டு பேருக்கும் மாசக் கடைசியில மிச்சம் ஒண்ணுமில்ல.

"ஏர்போர்ட்ல தானே நாய், நான் கூரியர்ல அனுப்பறேன்"னு சொல்லப் போற. தெரியும். கூரியர் கெடங்குலயும் தபால் ஆபீசுலயும் அங்க நாய் உண்டு. கலிபோர்னியாவுல சில மாவட்ட வேளாண்மை ஆபீசு இதுக்குன்னே நாய் வெச்சிருக்கறது உண்டு, பெரும்பாலும் லாப்ரடார் வகை. பெல்ட்டுல பொட்டி ஓடிக்கிட்டே வரும், இல்லைன்னா வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க, நாய் அந்தப் பொட்டிங்க மேலயே நடந்து போகும். உன்னோட முத்து முத்தான எழுத்தை அது படிக்காது. மேல 'துணிமணி'ன்னு எழுதினாலும், 'பகவத் கீதை'ன்னு எழுதினாலும் அதுக்கு ஒண்ணுதான்.

2009-ல ஃப்ரெஸ்னோன்னு ஒரு ஊர்ல இப்படித்தான் ஒரு நாய் ஒரு பைகிட்ட நின்னுது. அந்தப் பை போனது நம்ம இந்தியாவுலருந்து. உள்ள இருந்தது என்னன்னு சொல்லட்டுமா? கறிவேப்பிலை. யாரோ ஒரு அம்மா, யாரோ ஒரு மகளுக்கு. உங்கம்மா மாதிரியேதான் சுத்தியிருப்பா. இலையோட சேந்து உயிரோட பூச்சி போயிருந்துது. அந்தப் பூச்சிய எடுத்து சோதிச்சா, அதுக்குள்ள நோய்க் கிருமி.

அந்தப் பூச்சி பேரு சைலிட். கொசுவுல பாதி இருக்காது. எலுமிச்சை, ஆரஞ்சு, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம், பங்காளிங்க. அதனால இது கறிவேப்பிலையிலயும் சுகமா உக்காந்திருக்கும். உக்காந்திருக்கற அழகைப் பாக்கணும். தலையத் தளிர்ல பதிச்சு, பின்பக்கத்தை மேல தூக்கிக்கிட்டு, வரம் கேட்டு விழுந்து கும்புடற மாதிரி இருக்கும். கும்புடல, சாறு உறிஞ்சுது. உறிஞ்சும்போதே வாயிலருந்து கிருமிய உள்ள விட்டுரும். கறிவேப்பிலைச் செடி சும்மா நிக்கும், ஆனா அங்கருந்து பறந்துபோயி ஆரஞ்சு மரத்துல உக்காந்தா, இலை மஞ்சக் கலங்கலா மாறும், காய் கோணலாப் போகும், பாதி பச்சையாவே உதிரும், நாலஞ்சு வருசத்துல மரம் போயிரும். மருந்து கெடையாது. ஃப்ளோரிடாவுல 1998-ல இந்தப் பூச்சி தெரிஞ்சுது, 2005-ல நோய் தெரிஞ்சுது. 2003-04-ல அந்த ஒரு மாநிலத்துல 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு வெளைஞ்சுது. இருபது வருசத்துல ரெண்டு கோடிப் பெட்டிக்கும் கீழ எறங்கிருச்சு. நடுவுல புயலும் ஒரு கை குடுத்துது, ஆனா முக்கியமா அடிச்சது இந்த நோய்தான்.

இப்பவும் உனக்கு அது அமெரிக்காக்காரன் தலைவலி. சரி, இங்க வா. கூர்க் ஆரஞ்சு தின்னிருக்கியா? தோல் லூசா, லேசாப் புளிச்சுக்கிட்டு இருக்குமே, கமலா ஆரஞ்சு. மடிக்கேரி பஸ் ஸ்டாண்டுல நான் கூடை கூடையாப் பாத்திருக்கேன். இப்பத் தேடிப் பாரு. 2006-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, பேரைக் காப்பாத்தினாங்க, மரத்தைத்தான் காப்பாத்த முடியலை. அதைக் கவுத்த காரணத்துல இந்த நோயும் ஒண்ணு. நம்ம வீட்டுச் சங்கதிதான் கண்ணு. அவங்க பயப்படறது நம்மளப் பாத்து இல்ல, நாம பாத்தும் பாக்காம விட்டதைப் பாத்து.

நம்ம பெங்களூரு மட்டும் நாய்க்குக் கொறைஞ்ச ஊரா? ராத்திரி பதினோரு மணிக்கு நீ பைக்ல வரும்போது உன்னைத் தொரத்தறதெல்லாம் யாரு? 2025-ல மாநகராட்சி ஒரு திட்டம் போட்டுது, தெருநாய் அஞ்சாயிரத்துக்கு தெனம் கோழிக்கறிச் சோறு, வருசத்துக்கு 2.88 கோடி. ஊரே கெடந்து சிரிச்சுது. நான் சிரிக்கலை. எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. கோழிச் சோறு தின்னப் போற அஞ்சாயிரத்துல அம்பதுக்கு வேலை போட்டுக் குடுத்தா என்ன? நம்ம ஊரு நாய்க்கு மோப்பம் இல்லையா? எங்க காட்டுல மணின்னு ஒண்ணு இருந்துது. டவுன் பஸ்லருந்து நாப்பது பேர் எறங்குவாங்க, யார் பையில கருவாடு இருக்குதோ அவங்க பின்னாலயே வீடு வரைக்கும் போகும். கண்டக்டருக்கே தெரியாது, மணிக்குத் தெரியும். முதோள் நாயத்தான் பட்டாளத்துக்கு எடுத்தாங்களே, அதை வெச்சுப் பாக்கலாம்னு நீ சொல்லுவ. அது கண்ணால பாத்துத் தொரத்தற சாதி, நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி. முயலுக்கு ஆகும், பார்சலுக்கு ஆகாது. பார்சல் ஓடாதில்ல.

பார்சலுக்கு மூக்கு வெக்கத் தெரியாத ஊருன்னும் சொல்ல முடியாது. சாமராஜ்பேட்டையில வெளிநாட்டுத் தபால் ஆபீசு இருக்குது. 2024 கடைசியில போலீசு மோப்ப நாயோட அங்க போயி பொட்டி பொட்டியாப் பாத்தாங்க. 606 பார்சல்ல போதைச் சரக்கு, 21 கோடி பெறும்னாங்க. நல்ல காரியம். கஞ்சாவுக்கு நாய் இருக்குது. வெடிகுண்டுக்கு நாய் இருக்குது. பந்திப்பூர்க் காட்டுல புலியத் தேடறதுக்கே ராணான்னு ஒரு நாய் இருந்து பேர் வாங்கிச்சு. செடிய உறிஞ்சற மாவுப்பூச்சிக்கு நாய் வெச்சு நான் இந்த ஊர்ல பாத்ததில்லை. கஞ்சா பார்சல் ஒரு பையனக் கெடுக்கும், அவனுக்கு வழக்கும் வாய்தாவும் இருக்குது. மாவுப்பூச்சி மூணு மாவட்டத்துக் காட்டை வழிச்சு நக்கிட்டுப் போகும், அதுக்கு எந்தக் கோர்ட்டுல வாய்தா வாங்கறது?

சட்டம் இல்லாம இல்ல. 1914-லயே வெள்ளைக்காரன் பூச்சிக்குன்னு தனியா ஒரு சட்டம் போட்டுட்டான். நாம அதுக்குக் கீழ 2003-ல புதுசா உத்தரவும் போட்டோம். வெளிநாட்டுலருந்து செடியோ விதையோ வரணும்னா இங்க பர்மிட் வாங்கணும், அங்கருந்து நோயில்லைன்னு சான்று வரணும், வந்து எறங்கினதும் அதிகாரி பாக்கணும். எல்லாம் தாள்ல சரியா இருக்குது. ஆனா தாள் கேக்கறது மனுசன்கிட்ட. "உள்ள என்ன இருக்குது?"ன்னு கேட்டா, மனுசன் 'துணிமணி'ங்கறான். நாய் நேராப் பொட்டியவே கேட்டுருது.

2020-ல கொரோனாக் காலத்துல அமெரிக்காவுல வீடு வீடாத் தபால்ல விதைப் பொட்டலம் வந்துதே, யாரும் கேக்காமலே. மேல ஏதோ நகைன்னு எழுதியிருந்துதாம். ஆன்லைன் கடைக்காரன் போலியா வியாபாரக் கணக்குக் காட்டறதுக்குப் பண்ணின வேலையா இருக்கலாம்னு பேசிக்கிட்டாங்க. நம்ம மத்திய அரசும் அந்த ஆகஸ்ட்டுல மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்புச்சு. எங்கூர்ல ஒருத்தன், "எனக்கு வரலையே"ன்னு வருத்தப்பட்டான். ஓசின்னா நாம பூச்சியக்கூட வேண்டாம்னு சொல்ல மாட்டோம்.

நாமளும் ஒண்ணும் சளைச்சவங்க இல்ல. கப்ரா வண்டுன்னு கேள்விப்பட்டிருக்கியா? நெல்லு, கோதுமை, பருப்பு மூட்டையில வரும். அதோட பூர்வீகமே நம்ம பக்கம்தான். பேருகூட நம்ம நாட்டுப் பேருதான். அதோட புழு தீனி இல்லைன்னா சுவத்து வெடிப்புல போயி ஒடுங்கி வருசக்கணக்குல பட்டினி கெடக்கும், மூட்டை வந்ததும் எந்திரிச்சுச் சாப்புடும். 1953-ல கலிபோர்னியாவுல தலை காட்டுச்சு, அதை ஒழிச்சு முடிக்க பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. கெடங்கு மொத்தத்தையும் கூடாரம் போட்டு மூடி விஷப்புகை விட்டாங்க. இப்ப நீ பொன்னி அரிசி பத்து கிலோ கட்டிக்கிட்டுப் போனா ஏர்போர்ட்ல புடுங்கி வெக்கறானே, அதுக்குக் காரணம் இந்த வண்டுதான். அவனுக்கு உன் அரிசி மேல ஆசையில்ல.

சிரிக்கற. சிரி. நான் இனிமே சொல்லப் போறது சிரிக்கறதுக்கு இல்ல, என் தப்பு.

2020-ல கிழங்கு வெலை நல்லா இருக்கும்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. எனக்கு இன்னும் ரெண்டு ஏக்கராவுக்குக் குச்சி வேணும். சொந்தக்காரன் ஒருத்தன் காட்டுல குச்சி இருக்குதுன்னான், டெம்போ எடுத்துக்கிட்டுப் போனேன். அவன் காட்டுல செடிக் கொண்டை அங்கங்க முடிச்சு விழுந்து, கொத்துக் கொத்தாச் சுருண்டு கெடந்துது. பாத்தேன். வெள்ளையா மாவு தூவின மாதிரி இருந்துது, அதையும் பாத்தேன். "மழை பேஞ்சா போயிரும் மாமா"ன்னான். பாதி வெலையில குடுத்தான். நானும் மழை பேஞ்சாப் போயிரும்னு நெனச்சுக்கிட்டேன், பாதி வெலையில்ல! தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஊருக்கு வந்தேன்.

மழை பேஞ்சுது. போகலை. என் காட்டுலருந்து பக்கத்துக் காடு, அங்கருந்து ஓடைக்கு அந்தப்பக்கம். கிழங்கு மில்லுக்கு ஏத்திக்கிட்டுப் போனா பாயிண்ட் நிக்கலை. மாவே இல்லாத கிழங்குக்கு என்ன வெலை கெடைக்கும்? மருந்து அடிச்சேன், அடிச்ச காசுக்கு கிழங்கே வாங்கித் தின்னிருக்கலாம். அந்த மாவுப்பூச்சி 2020-ல கேரளாவுல திருச்சூர்ப் பக்கம் மொதல்ல தெரிஞ்சுதாம். பூர்வீகம் தென் அமெரிக்கா. குச்சிக்கிழங்கு எந்த ஊருன்னு நெனச்ச? அதுவும் அங்கருந்து வந்ததுதான். நாம சேலத்துச் சொத்துன்னு சேகோ ஆலை கட்டிக் கொண்டாடிக்கிட்டு இருந்தோம், சில நூறு வருசம் கழிச்சு பங்காளி வந்து பாகம் கேட்டான். அவனக் கூட்டிக்கிட்டு வந்த டெம்போவுல ஒண்ணு என்னுது. அந்த டெம்போவை மறிச்சு மோந்து பாக்க ஒரு நாய் இல்லை. இருந்திருந்தா நான் அதைத் திட்டிக் கல்லால அடிச்சிருப்பேன், அதுவும் நெசம்.

காப்பாத்தினது யாருன்னு கேளு. நீ தெனம் போற இந்த ரிங் ரோட்டுலயே போயி, ஹெப்பால்ல எறங்கினா மத்திய அரசோட வேளாண் பூச்சி ஆராய்ச்சிப் பணியகம் ஒண்ணு இருக்குது. ஆப்பிரிக்காவுல இதே மாவுப்பூச்சி 1970-கள்லருந்து நாடு நாடாக் கிழங்கை அழிச்சப்ப, இதோட சொந்த ஊருக்கே போயி இதத் தின்னற எதிரியத் தேடினாங்க. பராகுவே நாட்டுல ஒரு குளவி கெடைச்சுது. எறும்புத் தலை அளவு இருக்கும். மாவுப்பூச்சி ஒடம்புக்குள்ள முட்டை வெக்கும், புழு உள்ளயே தின்னு முடிச்சு, காய்ஞ்ச கூட்டை ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வரும். அந்த வேலையை முன்ன நின்னு நடத்தின ஹான்ஸ் ஹெரன்ங்கற சுவிட்சர்லாந்துக்காரருக்கு 1995-ல உலக உணவுப் பரிசு குடுத்தாங்க. அதே குளவியத்தான் 2021-ல ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுலருந்து ஹெப்பால்காரங்க வரவழைச்சாங்க. 2022 மார்ச்சுல எங்க ஏத்தாப்பூர் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துல கூட்டம் போட்டு வெளிய விட்டாங்க. நான் போயிருந்தேன். மூணாவது வரிசையில உக்காந்து கேசரி தின்னேன். ஒரு குப்பிய என் கையில குடுத்தாங்க, மூடியத் தொறந்தேன், ஒண்ணும் வந்த மாதிரியே தெரியலை. பக்கத்துல இருந்தவர், "எல்லாம் போயிருச்சுங்க ஐயா"ன்னார். இதுக்கு முந்தி 2010-ல பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இதே ஹெப்பால்தான் போர்ட்டோ ரிக்கோவுலருந்து குளவி வாங்கிக் குடுத்துது. கோயமுத்தூர்ல 2008-ல தெரிஞ்சு ஈரோடு மல்பெரி வரைக்கும் அழிச்ச பூச்சி அது.

இப்பக் கவனி. அந்தக் குளவி எப்படி வந்துது? பார்சல்லதான். உயிரோட இருக்கற பூச்சி, பொட்டிக்குள்ள, கடல் கடந்து. உங்கம்மா அனுப்பற பார்சலும் அதுவும் பாக்க ஒண்ணுதான். ஆனா குளவி வந்த பொட்டி மேல, உள்ள இருக்கற பூச்சி பேரு எழுதியிருந்துது. பர்மிட் இருந்துது. பூச்சி தப்பிக்க முடியாத ரூம்ல வெச்சுத் தொறந்தாங்க, அது வேற எதையாச்சும் தின்னுமான்னு மாசக்கணக்குல பாத்தாங்க, அதுக்கப்புறம்தான் ஏத்தாப்பூருக்கு வந்துது. என் டெம்போவுக்குத் தார்ப்பாய்தான் இருந்துது.

சரி, ரொம்பப் பேசிட்டேன். அம்மாளே, கோவிச்சுக்கிட்டு உள்ள போகாத, அந்தக் கொத்தை எடுத்து வெளிய வெய்யி. ராத்திரி ரசத்துக்கு ஆகும். உங்கக்காளுக்கு நானே போன்ல சொல்லிக்கறேன். அவ இருக்கற ஊர்ல, அந்த ஊர்லயே சோதிச்சு விக்கற கன்னு கெடைக்கும், தொட்டியில வெச்சுக்கிட்டா போதும். பொடவைய மட்டும் அனுப்பு. அம்மாயி பொடவை அது, நாய் மோந்தாலும் பரவாயில்ல.

இப்ப உன் பார்சல். முழிக்காத. போன மாசம் தாய்லாந்துலருந்து ஆன்லைன்ல ஒண்ணு வந்துதே, ரெண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு, பாதி இலை வெள்ளையும் பாதி இலை பச்சையுமா. மேல என்ன எழுதியிருந்துது? 'அலங்காரப் பொருள்'. நீ அதுகூட செல்ஃபி எடுத்துப் போட்ட, முப்பது பேர் ஆர்ட்டின் போட்டாங்க. பர்மிட் எங்கன்னு நான் கேக்கலை. எனக்கு எங்க இங்கிலீசு தெரியும்?

நேத்து நீ ஆபீசு போனப்புறம் பால்கனியில வெயிலுக்கு உக்காந்திருந்தேன். அந்தச் செடியோட மூணாவது இலைக்கு அடியில, நரம்பு பிரியற எடத்துல வெள்ளையா மாவு மாதிரி ஒட்டியிருக்குது. தூசின்னு நீ ரெண்டு தடவை ஈரத்துணியில தொடச்சிருக்க, தொடச்ச துணியத்தான் உங்கம்மாவோட செம்பருத்தித் தொட்டி மேல காயப் போட்டிருக்க. செம்பருத்தியோட மொட்டுலயும் ஒரு பொட்டு இருக்குது. பக்கத்து பிளாட்டு ரெட்டியார் வீட்டம்மா நேத்து சாயந்தரம் அதுல ஒரு கெளை ஒடிச்சுக்கிட்டுப் போனாங்க.

நான் நாயில்ல கண்ணு, ஆனா என் காட்டுல ரெண்டு ஏக்கரா தின்னதை எனக்கு அடையாளம் தெரியும். இது அதுவா, அதோட பங்காளியான்னு சொல்ல எனக்குப் படிப்பு பத்தாது. ஒரு ஜிப் கவர் எடுத்துக்கிட்டு வா, இலைய உள்ள போட்டு மூடு. ரெட்டியார் வீட்டம்மாகிட்ட அந்தக் கெளையையும் கேட்டு வாங்கிக்கோ. தொட்டிய வெளிய தூக்கிப் போடாத, கருப்புக் கவரைப் போட்டு வாயக் கட்டி ஓரமா வெய்யி. நாளைக்கு லீவு போடு. 500-டி பஸ் நேரா ஹெப்பாலுக்குப் போகுதாம், நானும் கூட வர்றேன்.